வெறுந்தேத்தண்ணிக்குப் பத்துப் பொருத்தம்

1

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வசந்தா என்னுடைய காபி பில்டரில் பிட்டு அவித்துவிட்டாள்.

இதைப் படிக்கும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். நானும் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் கல்யாணமாகி, கும்பகோணத்திலிருந்து ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாக, ஹட்டனுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். அப்போது என் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் பயணம் செய்த பித்தளைப் பில்டர் அது. அதன் மேல் பாத்திரத்தின் அடியில் இருக்கும் பொடித் துளைகளை வசந்தா பார்த்திருக்கிறாள். அரிசிமாவையும் தேங்காய்ப்பூவையும் மாற்றி மாற்றிப் போட்டு, கொதிக்கிற கேத்தலின் வாயில் உட்கார வைத்துவிட்டாள். பிட்டு நன்றாக வந்திருந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஏண்டி, இது காபி பில்டர்டி!" என்று கத்தினேன்.

"தெரியும்மா. நீங்க இதுல காபி போட்டு எவ்வளவு நாளாச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தேன். போன தீபாவளியா? இல்லை, அன்று பால் திரிந்துவிட்டது. அதற்கு முந்தின தீபாவளி. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் தோற்றுப்போக மனமில்லாமல், "அது வேற விஷயம்" என்றேன். அவள் பிட்டைத் தட்டில் தள்ளிக்கொண்டே சிரித்தாள். இந்தத் தோட்டத்தில் கிளார்க்காக இருக்கும் என் வீட்டுக்காரர் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தார். மூன்றும் தேத்தண்ணிக் கோப்பைகள்.

அன்று பிட்டைச் சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் இந்தத் தேத்தண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2

ஊரிலிருந்து வரும் கடிதங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும். "உனக்கென்ன, தேயிலைக் காட்டிலேயே இருக்கிறாய், தினம் முதல்தரமான டீ குடிப்பாய்." என் அண்ணி இதை வருஷத்துக்கு நாலு தடவை எழுதுகிறாள். அண்ணிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல்தரமான இலை பெட்டியில் ஏறி, கொழும்பு போய், கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. தோட்டத்தில் இருக்கும் நமக்குக் கிடைப்பது சல்லடையில் கடைசியாக விழும் தூள். ஒரு கரண்டி போட்டால் போதும், தண்ணீர் மை மாதிரி கறுத்துவிடும். பால் கிடைக்கிற நாள் அபூர்வம் என்பதால் அதை அப்படியே வெறுமனே குடிப்பார்கள். அதுதான் வெறுந்தேத்தண்ணி, சாயம் என்றும் சொல்வார்கள். பெயரே துணி முக்குவது போல இருக்கிறதே என்று முதல்நாள் பயந்தேன்.

அந்த முதல்நாள் நன்றாக நினைவிருக்கிறது. றொசல்ல ஸ்டேஷன் தாண்டும்போதே ரயிலுக்குள் பனி வந்துவிட்டது. மார்கழியிலும் காவிரியில் முழுகி எழுந்தவள் நான், எனக்கா குளிர் என்று ஜம்பமாக உட்கார்ந்திருந்தேன். ஹட்டனில் இறங்கியபோது பற்கள் தாளம் போட்டன. குவார்ட்டர்ஸ் வாசலில் மீனாச்சி நின்றுகொண்டிருந்தாள். கீழ் லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் இருக்கிறவள், கொழுந்து எடுக்கிறவள், என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் ஆவி பறக்கும் கோப்பை. இன்னொரு கையில் கறுப்பாக ஒரு துண்டு.

"வாங்கம்மா, ரொம்பக் குளிருதா? மொதல்ல தேத்தண்ணியைக் குடிங்க, எல்லாம் சரியாப் போயிரும்."

கோப்பையை இடக்கையில் கொடுத்துவிட்டு, அந்தத் துண்டை என் வலது உள்ளங்கையில் வைத்தாள். கித்துள் கருப்பட்டி, இங்குள்ள கித்துள் மரத்துப் பாகில் செய்வது. நான் என்ன செய்தேன்? காபிக்காரப் பெண் என்ன செய்வாளோ அதைத்தான். கோப்பைக்குள் போட்டுவிட்டு, ஸ்பூன் எங்கே என்று பார்த்தேன்.

"ஐயய்யோ, உள்ள போட்டுட்டீங்களா!" மீனாச்சி வாயில் கைவைத்துச் சிரித்தாள். "அது கையில வச்சுக் கடிக்கிறதும்மா. ஒரு கடி, ஒரு மொடக்கு. அப்புறம் ஒரு கடி, ஒரு மொடக்கு."

"உள்ளே போட்டா என்ன? எல்லாம் வயத்துக்குள்ளதானே போறது?"

"உள்ள போட்டா மொத மொடக்கும் கடைசி மொடக்கும் ஒண்ணுபோல இருக்குமே. அதுல என்னம்மா இருக்கு?"

இனிப்பைச் சிக்கனம் பண்ணத்தான் இப்படி ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள் என்று நான் அன்று நினைத்தேன். கருப்பட்டியோ கல் மாதிரி கோப்பையின் அடியில் கிடந்தது, கரையவே இல்லை. கசப்பை முழுக்கக் குடித்துவிட்டு, கடைசியில் அதை விரலால் தோண்டி எடுத்துத் தின்றேன். பக்கத்தில் நின்ற புது மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது.

3

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது போல, எதை எதோடு சாப்பிடலாம் என்று தேத்தண்ணிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. காபி பரந்த மனசுக்காரி. இட்லியோடு போவாள், முறுக்கோடு போவாள், ஒன்றுமில்லாவிட்டால் தனியாகவும் போவாள். தேத்தண்ணி அப்படி இல்லை. துணை சரியில்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

முதல் வாரத்தில் இட்லி பண்ணி வெறுந்தேத்தண்ணியோடு வைத்தேன். பஞ்சைக் கஷாயத்தில் நனைத்தது போல இருந்தது. தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தேன், நாக்கு சுருண்டுகொண்டது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஊரிலிருந்து அப்பா அனுப்பும் மாவடுவைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். பார்க்கிறவர்களுக்குப் பல் கூசும். அவர் ஆறு வயதில் தகப்பனாரோடு இங்கே வந்துவிட்டவர், கும்பகோணத்தைக் கல்யாணத்துக்கு வந்த நாலு நாளில் பார்த்ததோடு சரி. மாவடுவை எப்போது எதோடு சாப்பிட வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

ஹட்டன் கடைத்தெருவில் காசிம் நானாவின் கடைக்கு முதல் தடவை போனபோது, ரொட்டி வேண்டும் என்று கேட்டேன். நம் ஊரில் ரொட்டி என்றால் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பதல்லவா? அதை இங்கே பாண் என்கிறார்கள். நானா என் முன்னால் வைத்தது தேங்காய் போட்டுத் தட்டிச் சுட்ட, உள்ளங்கைக் கனமுள்ள ரொட்டி. பக்கத்தில் கொச்சிக்காய் என்கிற மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல். கூடவே கேட்காமலே ஒரு கோப்பை சாயம்.

"தங்கச்சி, சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டுட்டுச் சுடச்சுடக் குடிங்க. ஆறவிட்டா சுகமில்ல" என்றார்.

உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதன் மேல் கொதிக்கும் சாயத்தை ஊற்றினால் செத்தேன் என்று நினைத்துக் குடித்தேன். ஒரு நிமிஷம் காது அடைத்தது. பிறகு உடம்பு முழுக்க இதமாக ஒரு சூடு பரவியது. வெளியே மழை சோவென்று பெய்துகொண்டிருந்தது. இன்னொரு ரொட்டி கேட்டேன். அப்போதும் வீட்டுக்கு வந்து, "என்ன ரொட்டியோ, மண்வெட்டி மாதிரி" என்றுதான் சொன்னேன்.

அவித்த மரவள்ளிக்கிழங்குக்குச் சாயம் ரொம்பப் பொருத்தம். தொண்டையில் நிற்பதை இது இறக்கிவிடும். பெருநாளைக்கு நானா வீட்டிலிருந்து வரும் தொதல் அல்வா எண்ணெய் வழிய வழிய இருக்கும், அதற்கும் சாயம்தான் சரி. இதையெல்லாம் நான் ஒரு நாளும் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. பதினைந்து வருஷமாக இந்த வீட்டில் என் பேச்சு ஒன்றே ஒன்று. "காபி மாதிரி வருமா?"

4

இந்தப் பேச்சுதான் எங்கள் வீட்டுக்காரரைப் பயமுறுத்தியது.

இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த கையோடு, இங்கே இருக்கும் இந்தியர்கள் பிரஜாவுரிமைக்கு மனுப்போட வேண்டும் என்று ஆயிற்று. அவரும் போட்டார். இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் வாழ்ந்தேன், மனைவியும் என்னோடுதான் வாழ்கிறாள், இங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்று காகிதம் காகிதமாகக் காட்ட வேண்டும். மனுத் தள்ளுபடியானால் வேலை நிலைக்காது, வசந்தாவின் படிப்பு நிலைக்காது, மூட்டை கட்ட வேண்டியதுதான். அவருக்குத் தெரிந்த ஒரே ஊர் இது. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கூப்பிட, ஆள் கூடுவதற்கு முன்னால் எழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

நானோ, "தள்ளுபடியானா நல்லதாப் போச்சு. ஊருக்குப் போய் நல்ல காபி குடிக்கலாம்" என்பேன். பாதி விளையாட்டுக்குத்தான். மீதிப் பாதி என்னவென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மனுவில் ஓர் ஓட்டையும் இருந்தது. அந்த ஓட்டை நான்தான். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து கும்பகோணம் போய், வசந்தா பிறந்து, ஐந்தாம் மாதம் குழந்தையோடு திரும்பினேன். எல்லாமாக ஏழு மாதத்துக்கு மேல். நம் ஊரில் இதைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாது. இங்கே அது 'இடைவெளி'. அந்த அம்மாள் திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனாளா என்று கேட்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

"கேட்டா என்ன சொல்லுவே?" என்று அவர் ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லுவேன்" என்றேன்.

அன்று முழுக்க அவர் மாவடுவைத் தொடவில்லை.

5

மனுப்போட்டுப் பத்து வருஷம் கழித்து விசாரணை அதிகாரி வந்தார். நேரில் வீட்டைப் பார்க்க வேண்டுமாம். நரைத்த தலை, கழுத்தில் கம்பளித் துண்டு, கூடத் தமிழ் தெரிந்த ஒரு குமாஸ்தா. காலையிலேயே எங்கள் வீட்டுக்காரர் கும்பகோணத்துப் பாத்திரக்கடைக் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். "இன்னிக்கு ஒரு நாள் காபி வாசனை வரக்கூடாது" என்று எனக்குக் கட்டளை.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். வீடு தேடி வந்த பெரிய மனிதருக்குப் பாலில்லாத தேத்தண்ணியைக் கொடுப்பதா? நாளைக்கு எங்கள் குலத்தையே என்ன நினைப்பார்? மீனாச்சியை அனுப்பிப் பால் வாங்கினேன். அப்பா அனுப்பிய பொடியில் முதல் டிகாக்ஷன் இறக்கி, டவரா டம்ளரில் நுரை ததும்பக் கொண்டுபோய் வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி முகர்ந்து பார்த்தார். குடித்தார். "ரொம்ப நல்லது" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். குமாஸ்தா திருப்பிச் சொன்னார். "இந்தக் கோப்பித்தூள் எங்கேருந்து வருதுன்னு ஐயா கேட்கிறாரு."

"கும்பகோணத்துலேருந்து. அப்பா அனுப்பறார்" என்றேன்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது உறைத்தது.

"புள்ள பெறப் போய் ஏழு மாசத்துக்கு மேல அங்க இருந்திருக்கீங்க. திரும்பி வர்ற எண்ணம் அப்ப இருந்துச்சா?"

"அவர் இங்கே இருக்கிறப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. எழுத்துல ஏதாவது இருக்கா?"

உள்ளதைச் சொல்லுவேன் என்று சவால் விட்டவளுக்கு உள்ளது எது என்றே தெரியவில்லை. வசந்தா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் ஸ்கூல், அவள் சிநேகிதிகள், இந்த மலை எல்லாம் என் வாயிலிருந்து வரப்போகும் பதிலில் இருந்தன.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போய் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். அரிசிக் கூப்பன் புத்தகம், பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். டின்னின் அடியில் போட்டிருந்த காகிதத்துக்கும் கீழேயிருந்து, மடிப்பில் கிழியத் தொடங்கிய ஒரு கடிதத்தை எடுத்தார். என் கையெழுத்து. நான் மறந்தே போயிருந்தேன்.

குமாஸ்தா உரக்கப் படித்தார்.

"தாங்கள் க்ஷேமம் என்று நம்புகிறேன். குழந்தை சௌக்கியம். ஒரு விஷயம், யாரிடமும் சொல்ல வேண்டாம். இங்கே காபி எனக்கு இறங்கவில்லை. தேத்தண்ணி கேட்டேன், அண்ணி சிரிக்கிறாள். கடையில் தூள் வாங்கிப் போட்டால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. வெல்லத்தைக் கையில் வைத்துக் கடித்தால் ஒரே கடியில் உதிர்ந்துபோகிறது, கித்துள் கருப்பட்டி போல நின்று கொடுக்கவில்லை. யாராவது வந்தால் கொஞ்சம் தூளும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தனுப்புங்கள். ஐந்தாம் மாதம் தாங்களே வந்து அழைத்துப் போங்கள். எனக்கு வீட்டுக்கு வர வேண்டும் போல இருக்கிறது."

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பத்து வருஷத்துக்கு மேலாகக் காபிக் கொடி பிடித்தவளின் மானம், கவர்ன்மெண்டு முன்னிலையில் கப்பலேறியது. குமாஸ்தா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அதிகாரி கம்பளித் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். கடைசியில் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை நீட்டித் தமிழில் கேட்டார். "கருப்பட்டி இருக்கா?"

இருந்தது. சாயமும் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு கடி, ஒரு மொடக்கு என்று அவர் குடித்த அழகைப் பார்த்தால், பிறந்த நாள் முதல் அப்படித்தான் குடித்திருப்பார் போலிருந்தது. போகும்போது கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொண்டு போனார்.

6

போன வருஷம் அத்தாட்சிப் பத்திரம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதை மூன்று தடவை படித்துவிட்டு, வாசலில் போய் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற காகிதங்களும் திரும்பி வந்தன. கடிதம் மட்டும் வரவில்லை.

அன்று தொடங்கியது அவருடைய அடுத்த மனு. அசலைத் திருப்பித் தரவும் என்று எழுதினார். கோப்பைச் சேர்ந்தது, தருவதற்கில்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை அவர் மைக்கூட்டைத் திறந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"பத்திரந்தான் வந்துடுத்தே, அந்தக் கடுதாசி எதுக்கு? அதுல என்ன இருக்கு, ஒரு தூளும் கருப்பட்டியும்!"

அவர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நீ எனக்கு எழுதின ஒரே கடுதாசி."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்தபோது, முந்தின நாள் தபாலில் வந்த நீள உறையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து வசந்தாவிடம் கொடுத்தார். அசல் தர முடியாது, நகல் தருகிறோம் என்று மனமிரங்கி அனுப்பியிருக்கிறார்கள். நகல் என்றால் கோப்பில் இருக்கும் மொழிபெயர்ப்பின் நகல். டைப் அடித்து, முத்திரை குத்தி, சிங்களத்தில். அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் படிக்க வராது. எனக்குச் சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசும் அளவுதான். ஆக, நான் என் கணவருக்கு எழுதிய கடிதத்தை எங்கள் இருவருக்கும் படித்துச் சொல்ல மகள் வேண்டியிருந்தது. இவள் பெற்றோரைவிட்டு எங்கேயோ தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நான் கவலைப்பட்டதெல்லாம் அவள் ஸ்கூலில் படிக்கும் அந்தச் சிங்களத்தைப் பார்த்துத்தான்.

வசந்தா வாயில் பிட்டோடு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "மரியாதைக்குரிய கணவருக்கு... குழந்தை ஆரோக்கியமாக உள்ளது... மேற்படி இடத்தில் கோப்பி எனக்கு விழுங்க இயலவில்லை... அம்மா! இது நீங்களா எழுதினது?"

"மேல படிடி."

"...கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு அனுப்பவும்... ஐந்தாம் மாதத்தில் நேரில் வந்து என்னை அழைத்துச் செல்லவும். நான் வீட்டுக்கு வர விரும்புகிறேன்." அவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கெதரன்னு போட்டிருக்காங்க. வீட்டுக்குன்னு. தாத்தா வீட்டுல இருந்துகிட்டுத்தானே எழுதியிருக்கீங்க? எந்த வீட்டைம்மா சொன்னீங்க?"

அதிகாரி கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

"இந்த வீட்டைத்தான்டி" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

எங்கள் வீட்டுக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா? கருப்பட்டிக்காக உள்ளங்கையை நீட்டிக்கொண்டே, "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

ஆகையால்தான் இத்தனையும் எழுதினேன். படித்துவிட்டுச் சிரியுங்கள், அண்ணியிடமும் காட்டுங்கள், பாதகமில்லை. கோப்பில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள், அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.